அடுத்த அறையில் இருக்கும் மலை

வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் சைக்கிளில் ஏறி நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாளா, வெளியூர் போயிருக்கிறாளா? இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. அதுவும் அவரவர் சௌகரியத்துக்குத் தகுந்தாற்போல் மாறுகிறது.

குழந்தை பிறந்த பிறகு எனக்கு இடுப்பு வலி. புத்தூரில் பார்த்த டாக்டரம்மா, “நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க” என்றார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். மறுநாள் விடிகாலையிலேயே கணவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வரை போனேன். பாலத்தின் நடுவில், கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. அப்புறம், பிள்ளை விழித்திருப்பாளோ என்று. அப்புறம், விழித்து அழுதால் அவள் அப்பா விழிப்பாரா என்று. பாதிப் பாலத்திலேயே திரும்பிவிட்டேன். வீட்டில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேஸ் மூடியே இருந்தது.

இதைப் பார்த்துத்தான் கணவர், துவாக்குடியில் தன்னோடு வேலை பார்த்து வெளிநாடு கிளம்பிய ஒருவரிடமிருந்து ட்ரெய்னர் என்ற கருவியை வாங்கி வந்தார். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இந்தக் கருவியில் மாட்டிவிட வேண்டும். எதிரே டேப்லெட்டில் ஒரு சாலை ஓடும். சாலை மேடேறினால் பெடல் தானாக இறுகும். திரையில் ஒரு சின்னப் பெண் எனக்காக ஓட்டுவாள். எனக்கு நீளப் பின்னல் உண்டு. அவளுக்கு வைக்க வழியில்லை. மற்றபடி அவள் நான்தான்.

வீட்டில் இருந்துகொண்டே வெளியே போகலாம், எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சிக்கல் அந்த நினைப்பிலேயே இருந்திருக்கிறது.

சின்னச் சின்னப் பாதைகளை முதலில் முடித்தேன். முடித்த பாதைக்கு எதிரே ஒரு வட்டம் நிறையும். முடிக்காதவை வெறுமையாக இருக்கும். பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சிக் கேள்விகளில் ஒன்றைக்கூட விட முடியாத பிள்ளையாக இருந்தவள் நான். அந்த வெற்று வட்டங்கள் என்னைத் தூங்க விடவில்லை. மிச்சம் இருந்தவை எல்லாம் மிக நீளமானவை. அதில் ஒன்று, எந்த நாடு என்றுகூடத் தெரியாத ஒரு பனிமலை. என் வேகத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நடுவில் காலை ஊன்றி நிற்கலாம். பாதையை விட்டு வெளியேறினால் மறுபடி அடிவாரத்திலிருந்துதான்.

முதல் முயற்சியின்போது வீட்டில் நானும் மாமனாரும் மூன்றரை வயது மகளும்தான். மாமியார் முசிறியில் நாத்தனாரின் பிரசவத்துக்குப் போயிருந்தார். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பதாவது கிலோமீட்டரில் அவர் கதவைத் தட்டினார்.

“சிலிண்டர் வந்திருக்கும்மா. உன் போன்ல ஏதோ நம்பர் வந்திருக்காம்.”

“போன் கிச்சன்ல இருக்கு மாமா, நீங்களே பார்த்துச் சொல்லிடுங்களேன்.”

“அதைத் திறக்க எனக்குத் தெரியாதே. நீ வீட்லதானேம்மா இருக்கே.”

இறங்கிப் போய் நம்பரைச் சொல்லிவிட்டு வருவதற்குள் மகள் டேப்லெட்டில் பொம்மைப் படம் வைத்துவிட்டாள். மலை இருந்த இடத்தில் ஒரு யானைக்குட்டி ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை, எதிர் வீட்டு அக்கா உறைமோர் கேட்டு வந்தார். “நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் இப்படி உக்காந்துக்கறேன்” என்று கட்டிலில் உட்கார்ந்து, தன் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நல்ல ஏற்றம். என்னால் பதில் பேச முடியவில்லை, மூச்சுத்தான் வாங்கியது. சற்று நேரத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

“நீங்க இப்படிப் பெருமூச்சு விடறதைப் பாத்தா, அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்றாப்ல இருக்கே. ஏதும் கேள்விப்பட்டீங்களா?”

ஒரு கல்யாணம் என்னால் நின்றுவிடக் கூடாது. பதறிப்போய் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு, இறங்கி, காபி போட்டுக் கொடுத்து, அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று விளக்கினேன். அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியிருக்குமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அன்று சாயங்காலம் மாமனார் ஒரு தீர்ப்புச் சொன்னார். “ஒண்ணு டியூட்டி, இல்லே லீவு. நடுவுல நின்னா வண்டி எப்படிம்மா ஓடும்? கிளம்பறதுன்னா முறையா கிளம்பு.”

முறையாகக் கிளம்புவது என்றால் என்ன என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் புரிந்தது. கணவருக்கு அன்றும் ஷிஃப்ட். நான் தலையை முடிந்துகொண்டு வந்தபோது மாமனார் நாட்காட்டியின் முன் நின்றிருந்தார்.

“தூரமா?” என்றார். எங்கள் வீட்டில் கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்க மாட்டார்கள். போகிற காரியம் கெட்டுவிடும்.

“தூரம்தான் மாமா. மலை.”

“இன்னிக்கு மேற்கே சூலம். அந்தப் பக்கமாப் பயணம் கிளம்பக் கூடாது.” அறைக்குள் எட்டிப் பார்த்தார். சைக்கிள் மேற்கு பார்த்து நின்றது. “வண்டியைத் திருப்பிப் போடும்மா.”

“திருப்பினா வயர் எட்டாது மாமா.”

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. படித்தவள்தான். இருந்தாலும் அந்தப் பாதையின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலை வடக்கே கிளம்பியது. சைக்கிள் பார்க்கும் திசையை எடுத்துக்கொள்வதா, சாலை போகும் திசையையா? அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, “இஞ்சின் எந்தப் பக்கம் பாக்குதோ அதான் கணக்கு” என்றார். மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். சமையலறையிலிருந்து ஒரு கட்டி எடுத்துவந்து என் கையில் வைத்தார். கூடவே ஒரு டப்பாவில் எலுமிச்சம் சாதம், கூஜாவில் தண்ணீர். சாதம் இறக்கிய பாத்திரம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

மகளிடம் சொல்வதுதான் மிச்சம். தினமும் பள்ளி வாசலில் அழுகிறவள், நான் “போயிட்டு வரேன்” என்றதும் நிறுத்திவிடுவாள். ஒருநாள் அவசரத்தில் “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டேன். மிஸ் எனக்குப் போன் செய்து வரவழைக்கும்படி ஆகிவிட்டது. வரேன் என்று சொன்னவள் வருவாள் என்பது அவளுடைய நம்பிக்கை. ஆகவே அதே சொல்லைச் சொன்னேன்.

“அம்மா மலைக்குப் போயிட்டு வரேன்.”

“எப்ப வருவே?”

“நீ மதியம் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள.”

“டாட்டா” என்று சொல்லிக் கதவை அவளே சாத்தினாள்.

அவ்வளவு சுலபமா என்று மலைப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வேறு கவலை வந்தது. போகாமலே போயிட்டு வரேன் என்றது பொய்யில்லையா? பொய் சொல்லிக் குழந்தை வளர்க்கிறேனா? ஏற்றம் வந்ததும் அந்தக் கவலைக்கும் மூச்சு போதவில்லை.

பாதி வழியில் பாத்ரூம் போக இறங்க வேண்டியிருந்தது. கழுத்தில் துண்டோடு ஹாலைக் கடந்தேன். மகள் தரையில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தேன். பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். வாசலில் எதிர் வீட்டு அக்கா, மோர்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார்.

“அம்மா எங்கடி?”

“அம்மா ஊர்ல இல்ல.”

அக்கா அவளைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “என்னங்க, வீட்ல ஏதும் மனஸ்தாபமா?” என்றார்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் மாமனார் சொன்னார்: “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இது நடு ஸ்டேஷன். வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்.”

வெல்லத்தைக் கடைசி ஏற்றத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். உண்மையிலேயே கால்களில் தெம்பு வந்தது. உச்சி கண்ணில் தெரிந்தபோது வெளியே ‘தொம்’ என்று ஒரு சத்தம், பிறகு மகளின் அழுகை. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். விழுந்தாலும், எறும்பு கடித்தாலும், அவள் அப்பா கிள்ளினாலும், அவள் வாயில் முதலில் வருவது ‘அம்மா’தான்.

“தாத்தா...” என்று அழுதாள்.

சரியாகத்தான் கூப்பிட்டாள். அம்மாதான் ஊரில் இல்லையே. என் கால்கள் நின்றுவிட்டன. திரையில் பின்னல் இல்லாத அந்தப் பெண் சாலையோரம் காலை ஊன்றி நின்றாள். நான் வெளியே ஓடினேன்.

சோபா காலில் முட்டியை இடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா மடியில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். முகத்தில் கோபம்.

“நீ இன்னும் வரலியே.”

“வந்துட்டேன்டி செல்லம்.”

“மலை முடிஞ்சிடுச்சா?”

“இல்ல... கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“அப்ப ஏன் வந்தே?”

“நியாயமான கேள்வி” என்றார் மாமனார்.

முட்டியை ஊதிவிட்டேன். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பிறகு என்னைத் தள்ளி, “போயிட்டு வா” என்றாள். என்னை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அப்படி இருக்கிறாள் என்றதும் எனக்குத்தான் போக மனசில்லை. ஆனாலும் போனேன். மிச்ச மலையை ஏறினேன். உச்சியில் பனி, மேகம், நிறைந்த வட்டம். நின்று ரசிக்கவில்லை.

“வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். தாத்தா பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

“முழுசா வந்துட்டியா?” என்றாள்.

“முழுசா.”

அவ்வளவுதான். உதடு பிதுங்கியது. “அம்மா, கால்ல இடிச்சுடுச்சு” என்று ஓவென்று அழுதபடி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“அதான் அப்பவே அழுதாச்சே” என்றார் மாமனார்.

“அது தாத்தாகிட்ட” என்றாள், அழுகைக்கு நடுவில்.

எனக்காக எடுத்துவைத்திருந்த அழுகையை அவள் அழுது முடிக்கும்வரை வியர்வையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒரு வட்டம் வெறுமையாக இருக்கிறது. இதைவிட நீளமான பாதை. ‘இங்கேதான் இருக்கேன்’ என்று சொன்னால் சிலிண்டர் வந்துவிடும். ‘போயிட்டு வரேன்’ என்று சொன்னால், விழுந்தாலும் என்னைக் கூப்பிட மாட்டாள். நான் வந்து சேரும்வரை பாதி அழுகையை அடக்கி வைத்திருப்பாள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி வீட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த அறைக் கதவைச் சாத்தும்போது குழந்தையிடம் நீங்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?