கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் புஷ்பமேரியின் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். சுனாமியில் காகிதமெல்லாம் போன பிறகு மாட்டியது. மறுபடி கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை மட்டும் அதில் இருக்கும். கல்யாண போட்டோவுக்குக்கூட அவள் இடம் கொடுத்ததில்லை.

மறுநாள் சிதம்பரம் போக வேண்டும். மகன் என்று வளர்த்த பிள்ளை, தான் பெண் என்பதை முதன்முதலாக ஒரு டாக்டரிடம் சொல்லப்போகிறாள். ஜெனிட்டா என்பது அவளே வைத்துக்கொண்ட பெயர். நேரில் பேச வாய் வராது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியிருந்தாள்.

"குடு. நான் ஒண்ணும் படிக்க மாட்டேன்."

புஷ்பமேரி அதை மடித்து, ஆதார் கார்டோடு அந்தப் பையில் வைத்தாள்.

"நாளைக்கு ஒரு நாளைக்குத்தானம்மா. என் பேக்லயே இருக்கட்டுமே."

"டாக்டர் படிச்சதும் திருப்பி வாங்கிக்க. இது இந்தப் பையிலதான் இருக்கணும்."