சேராங்கொட்டை விரல்

இருசம்மாளின் இடது ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் கருப்பு. ஊர்த்துணி வெளுக்கிறவள் விரல் வேறு எப்படி இருக்கும்? ஒரு வீட்டு வேட்டி இன்னொரு வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க, வீட்டுக்கு வீடு ஒரு குறி வேண்டும். வெள்ளிமலையிலிருந்து மலைக்காரர் சடையன் சந்தைக்குக் கொண்டு வரும் சேராங்கொட்டையை ஊசியால் குத்தினால் பால் கசியும். துணியின் ஓரத்தை இடது விரல்மேல் விரித்து, ஊசி முனையில் அந்தப் பாலைத் தொட்டுக் குறி வைத்து, மேலே சுண்ணாம்பைத் தடவினால் தீர்ந்தது. துணி கிழிந்தாலும் கிழியும், குறி போகாது. சிலருக்கு அந்தப் பால் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும். இவளுக்கு ஒன்றும் செய்யாது. துணியைத் தாண்டி இறங்கிய பால் விரலிலேயே குடியேறிவிட்டது.

இந்த ஒரு விரலால் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்தொன்றில், கள்ளக்குறிச்சி என்ற பேரிலேயே ஒரு எம்.பி. தொகுதி இருந்த காலத்தில், அவள் முதன்முதலாக ஓட்டுப் போடப் போனாள். புருஷன் காசிநாதன் வாங்கித் தந்த புடவை, தலையில் கனகாம்பரம். பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நின்று, முறை வந்ததும் கையை நீட்டினாள். மை வைக்கிறவர் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஏற்கெனவே போட்டுட்டு வந்து மறுபடியும் நிக்கிறியா? போம்மா."

"இது சேராங்கொட்டைங்க. குறி போடுற கை."

வரிசையே சிரித்தது. சிரித்தவர்களின் வேட்டி முனையில் எல்லாம் அவள் போட்ட குறிதான் இருந்தது. ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, அவள் வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து தேர்தல் என்றால் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தொகுதியும் அவளைப் போலவே ஆயிற்று. எல்லைகளை மாற்றி எழுதியதில் கள்ளக்குறிச்சி என்ற எம்.பி. தொகுதியே இல்லாமல் போனது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, குறியை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஆசை விடுகிறதா? கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை ஹயாத் பாஷா வீட்டுக்கும் அவள்தான் வெளுத்தாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் மறுநாள் அவர் மனைவி ஷாஜாதி துணி மூட்டையை எடுத்து வைக்கும்போது, புர்காவுக்கு வெளியே தெரியும் அந்த மை விரலையே இருசம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வெக்கிறப்ப எப்படி இருக்கும் பாயம்மா?"

"இன்னா இருக்கும்? சில்லுனு இருக்கும்."

அந்தச் சில்லு அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. கோமுகி ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று துவைக்கையில், கல்வராயன் மலைப்பக்கமிருந்து பனி இறங்கிவந்து கொடியில் கிடக்கும் வேட்டிகளோடு கலந்து, எது பனி எது துணி என்று தெரியாமல் போகும் வேளைகளில், யாரோ தன் கையை மெல்லப் பிடித்து விரலில் ஒரு சில்லென்ற கோடு இழுப்பதாக நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே நிற்பாள். கையிலிருந்த துணி ஆற்றோடு போய், காசிநாதன் ஓடிப் பிடித்த நாட்களும் உண்டு.

எண்பத்தேழு வந்தது. தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல். தியாகதுருகம் சாலையில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. பஸ் இல்லை. ஓசையே இல்லாத சாலையில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. மறியலுக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு போன பூமாலை, தடியடியில் மண்டை உடைந்து திரும்பினார். அவர் சட்டை இருசம்மாளிடம்தான் வந்தது. உவர்மண் போட்டாள், வெள்ளாவியில் வைத்தாள், கல்லில் அடித்தாள். ரத்தக் கறை மங்கியதே தவிரப் போகவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் கேட்டுப் போன மனுஷனை இப்படியா அடிப்பார்கள் என்று துறையில் உட்கார்ந்து அழுதாள்.

அதனால்தான் எண்பத்தொன்பது ஜனவரியில் சட்டசபைத் தேர்தல் வந்து, ஊர் கூடி, ஒதுக்கீடு வரும்வரை ஓட்டில்லை என்று முடிவெடுத்தபோது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பூமாலை நின்று பேசினார்.

"ஒரு விரல்லயும் மை இருக்கக் கூடாது. மீறிப் போட்டா அந்த வூட்டோட ஊருக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

ஒட்டும் உறவும் அற்றுப்போனால் மற்றவர்களுக்காவது காடு கழனி உண்டு. வெளுக்கிறவளுக்கு என்ன உண்டு? குடிசை நிற்பது ஊர்ப் புறம்போக்கில். சோறு வருவது ஊர்த்துணியிலிருந்து.

ஓட்டு நாள் பொங்கல் கழிந்த சனிக்கிழமை. தலையில் மூட்டையோடு துறைக்குப் போனவள் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது நின்றாள். வாசலில் ஈ காக்கை இல்லை. பெஞ்சில் அதிகாரிகள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பனி வேப்பமரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் விரலைப் பார்த்தாள். பொங்கலுக்கு ஊரே புதுத்துணி எடுத்திருந்ததால் குறி போட்டுப் போட்டு விரல் கரியாய்க் கிடந்தது. ஊரில் யார் விரலில் மை வைத்தாலும் தெரியும், இதில் தெரியாது.

அப்படி ஒரு நினைப்பு வந்ததும் கால் தானாக உள்ளே போய்விட்டது. கனவில் நடக்கிற மாதிரி நடந்தாள் என்று பிறகு சொல்வாள்.

மை வைக்க உட்கார்ந்திருந்தது மலர்விழி என்ற வெளியூர் டீச்சர். விரலைப் பார்த்ததும் அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்க நேரம் இருந்தது. இருசம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சேராங்கொட்டையை எடுத்துக் குத்தி, டீச்சரின் கைக்குட்டை ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள்.

"சோப்பு போட்டுப் பாருங்க டீச்சர். போவாது."

டீச்சர் சிரித்துவிட்டாள். "சரி, இந்த விரல்ல வெச்சா தெரியாதே. நடுவிரல்ல வைக்கட்டா?"

இத்தனை வருஷம் அவள் ஏங்கியது ஊர் பார்க்க ஒரு மைக்கோட்டுக்குத்தான். நடுவிரல் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. இருசம்மாள் அதைப் பார்த்தாள். குடிசையை நினைத்தாள்.

"கருப்புலயே வெச்சிடுங்க."

வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சில்லென்று இருந்தது. பாயம்மா சொன்னது பொய்யில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய் முத்திரையைக் குத்தினாள். நான்கு கைகளும் வளைந்து சுழல்கிற ஒரு பெருக்கல் குறி. குறியோடு குறியாக வாழ்ந்தவள் இப்படி ஒரு அழகான குறியைப் பார்த்ததே இல்லை. மை காய ஊதிக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

அன்று துறையில் வேலை எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆறு பாடிற்று, துணிகள் பறந்தன, அவள் கை குறி போட்டது, மாலையில் காசிநாதன் வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாளே டீக்கடைக்குச் செய்தி வந்துவிட்டது. பெட்டியில் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது. ஊர் கொதித்தது. கோயில் முன்னால் எல்லோரும் கையை நீட்டினார்கள். பூமாலை ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் முறை வந்தபோது பக்கத்தில் நின்ற இருசப்பன் சிரித்தான்.

"இருசம்மா விரல பாத்து இன்னா பண்றது? அது எப்பவும் கருப்புதான். அவ எங்க ஓட்டு போட போறா, வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். பூமாலையும் தாண்டிப் போனார். பிழைத்தோம் என்று மூச்சு வந்தது. கூடவே நெஞ்சில் சுருக்கென்றும் தைத்தது. சந்தேகப்படக்கூட ஆளாகவில்லையா நான்?

வீட்டுக்கு வந்து, மிச்சத் துணியில் குறி போட ஊசியை எடுத்தபோதுதான் அந்த எண்ணம் இடிபோல விழுந்தது. நேற்றுப் பூமாலையின் பொங்கல் சட்டைக்கு முதல் வெளுப்பு. அவர் வீட்டுக் குறி மூன்று புள்ளி. அவள் கை வைத்தது மூன்று புள்ளியில்லை. காலரின் உள்பக்கம், நான்கு கைகளும் வளைந்து சுழல்கிற பெருக்கல் குறி.

காசிநாதன் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். "அடிப்பாவி. அது போவவும் போவாதே. மூட்டைய கட்டிக்கினு எங்க ஆயா வூட்டுக்குக் கெளம்பிடலாமா?"

கிளம்பவில்லை. எங்கே போவது? காத்திருந்தார்கள். பூமாலை வீட்டு அழுக்கு வழக்கம்போல வந்தது. அந்தச் சட்டை மட்டும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பங்குனி போயிற்று, ஆடி போயிற்று. வழியில் பூமாலையைக் கண்டால் இருசம்மாள் தலைமூட்டையை முகத்துக்கு இறக்கிக்கொள்வாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போவார். அந்தச் சட்டை அவள் தூக்கத்தில் வந்து, தானாகக் கொடியில் ஏறிக்கொண்டு, காலரைத் திருப்பித் திருப்பிக் காட்டிற்று.

கார்த்திகையில் மறுபடியும் தேர்தல், இந்த முறை எம்.பி.க்கு. இனி ஓட்டாலேயே ஒதுக்கீட்டை வாங்குவோம் என்று, போராடியவர்களே கட்சி கட்டி ஓட்டுக் கேட்டு வந்தார்கள். பூமாலை கூட்டத்தோடு தெருத்தெருவாய்ப் போனார். எந்தத் தேர்தலிலும் யாரும் வந்து நிற்காத அந்தக் குடிசை வாசலிலும் வந்து நின்றார். உடம்பில் அதே பொங்கல் சட்டை.

மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அவர் காலரைத் திருப்பிக் காட்டினார்.

"இது யாரு வூட்டுக் குறி இருசம்மா?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

"அழாத. பாத்த அன்னிக்கே கோவத்துல எடுத்துக்கினு கோயிலுக்குத்தான் கெளம்பினேன். பொட்டியில அந்தப் பழைய சட்டையும் இருந்துச்சி. என் ரத்தத்த நீ தொவச்சது. அதப் பாத்துட்டு உக்காந்துட்டேன்." இரண்டு கையையும் கூப்பினார். "ஊருலயே ஓட்டு போட்டே தீருவேன்னு போட்டவ நீ ஒருத்திதான். அந்த ஓட்ட இந்தத் தடவ எங்க கட்சிக்குக் குடுன்னு கேக்க வந்தேன்."

அவளைப் பார்த்து யாரும் கை கூப்பியதில்லை. இடது கையை நீட்டினாள். தேர்தல் என்று காதில் விழுந்த நாள் முதல் அவள் விரல்மேல் துணி விரிக்கவில்லை. ஒரு மரக்கட்டைமேல் விரித்துத்தான் குறி போட்டாள். பழைய தோல் உரிந்து, விரல் நுனி வெளுத்துக் கிடந்தது.

"சட்டைய குடுத்துட்டுப் போங்க. ஒங்க குறியும் பக்கத்துல வெச்சித் தர்றேன்."

"வேணாம். இதுவே இருக்கட்டும்," என்றார் பூமாலை.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்து வாசலில் ஊரே நின்றது. இருசம்மாள் வரிசையில் நின்றாள், கனகாம்பரம் வைத்திருந்தாள். வெளியே வந்தபோது மரத்தடியில் நின்ற பூமாலை குரல் கொடுத்தார்.

"இன்னா இருசம்மா, நமக்குத்தான?"

அவள் நின்று, வெளுத்த விரலில் ஈரம் காயாத மைக்கோட்டை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

"போட்டேங்க," என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.