ஜெசிந்தா அக்கா கையோடு கொண்டுவந்த ரிப்போர்ட்

தலத்தெரு வீட்டில் ஜெசிந்தா அக்கா காலமாகிவிட்டார் என்று ஆய்வகத்திலிருந்து வந்து சொன்னார்கள். காத்திருந்த ஆறு நோயாளிகளையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் எழுந்து போயிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

எங்கள் மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேலாக ரத்தப் பரிசோதனை செய்தவர். பிரான்சிலிருக்கும் மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லை. "அங்க போயி யாரு ரத்தத்தப் பாக்குறது?" என்பார்.

வரிச்சிக்குடியிலிருந்து வளர்மதி வந்தது நினைவிருக்கிறது. நடவு வேலைக்குப் போகிறவர். உடல் இளைத்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தது. தைராய்டு மிகையாகச் சுரந்திருந்தது. ரத்தத்தில் கால்சியமும் சற்றுக் கூடுதல். தைராய்டு மிகுந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து கொஞ்சம் ஏறுவதுண்டு. தைராய்டு அடங்கினால் அதுவும் இறங்கும். மாத்திரை கொடுத்தேன்.

சில மாதங்களில் தைராய்டு சரியானது. அசதியும் எலும்பு வலியும் மட்டும் போகவில்லை. "வேலை அதிகம்மா, ஓய்வெடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மதியம் ரிப்போர்ட்டோடு ஜெசிந்தா அக்கா என் அறைக்கே வந்துவிட்டார்.

"டாக்டர், தைராய்டு எறங்கிருச்சு. கால்சியம் எறங்கலையே?"

"எலும்பு தேற நாளாகும்க்கா."

"எறங்காட்டியும் பரவால்ல, ஏறியிருக்கு. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். பாராதைராய்டு ஒண்ணு பாத்துருவோம், எழுதிக் குடுங்க."

எரிச்சலோடுதான் எழுதிக் கொடுத்தேன். தைராய்டு மட்டுமே காரணமென்றால் பாராதைராய்டு ஹார்மோன் குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது. தைராய்டை ஒட்டியிருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்றில் கட்டி; எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டிருந்தது அதுதான். சிறுநீரகத்திலும் கல் சேரத் தொடங்கியிருந்தது. முதல் நோயைக் கண்டுபிடித்ததும் நான் தேடுவதை நிறுத்தியிருந்தேன்.

பாண்டிச்சேரியில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த வளர்மதி, "நீங்க கண்டுபுடிக்கலன்னா என்னாயிருக்கும் டாக்டர்" என்று கும்பிட்டார். பக்கத்தில்தான் ஜெசிந்தா அக்கா ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. பிறகு ஜெசிந்தா அக்காவிடம் தயங்கிப் பேச்செடுத்தபோது, "அவங்களுக்கு டாக்டர் மேல நம்பிக்க வேணும். எனக்கு நம்பர் சரியா இருந்தா போதும்" என்றார்.

அடக்கத்துக்கு வளர்மதி வரவில்லை. யாருக்காக வர வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் பரிசோதனைக்கு வந்தவரிடம் சொன்னேன்: "அத கண்டுபுடிச்சது நான் இல்லம்மா. இங்க லேப்ல இருந்த அக்கா."

முகம் மலர்ந்து, "அவங்கள இப்ப எங்க பாக்கலாம்?" என்று கேட்டார்.

தைராய்டு அடங்கிய பிறகும் கால்சியத்தை மறுபடி பார்க்கும் பழக்கம் ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதோடு, வளர்மதி கேட்ட அந்தக் கேள்வியும் என்னிடம் தங்கிவிட்டது.