விரல் விட்டுப் பார்க்கும் சுவர்

வளைகுடா நாடொன்றில் பதினொரு வருடங்கள் புதிய சுவர்களைப் பழசாக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பெயின்டர் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் நம்பமாட்டார்கள். கட்டி முடித்த சுவரில் ஈரச் சீமெந்தை அப்பி, அது இறுகுவதற்குள் கரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் கீறி வெடிப்பு உண்டாக்க வேண்டும். காய்ந்த பிறகு துரு, பாசி, புகைக்கரி, கூரையிலிருந்து தண்ணீர் வடிந்த கறை எல்லாவற்றையும் வண்ணத்தால் ஏற்ற வேண்டும். மழையே காணாத அந்த ஊரில் நாற்பது வருட மழையை நான் இரண்டு நாளில் பெய்ய வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அது ஒரு பெரிய தீம் பார்க். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சினிமாப் படவரிசையின் உலகமாகக் கட்டப்பட்டது. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது, அழிந்துபோன நகரமொன்றிலிருந்து ஒரு கூட்டம் தப்பி ஓடும் படம். மூன்று பாகங்கள் வந்து நன்றாக ஓடியிருந்தன. நான்காவது வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வருபவர்கள் பழைய இராணுவ லொறி போன்ற ஒரு வண்டியில் ஏறி, நான்கைந்து நிமிடம் அந்த நகரத்துக்குள் ஓடித் தப்புவார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு மணித்தியாலமாவது வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்கள் பொறுப்பு. நிற்பவர்களுக்கு வெளியே இருக்கும் வெயிலும் ஐஸ்கிரீம் கடையும் மறந்துபோக வேண்டும். குப்பைத்தொட்டிகூடத் துருப்பிடித்த பீப்பாயாக இருக்க வேண்டும். படக் கம்பனி தடித்த கையேடு ஒன்று தந்திருந்தது. எந்தச் சாம்பல், எந்தத் துரு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் அதில் இலக்கம் இருந்தது. சுவரில் குண்டு பட்ட துளைகள் இருக்கலாம், இரத்தக் கறை மட்டும் கூடாது, குடும்பமாக வருவார்கள் என்றும் எழுதியிருந்தது.

அந்தத் துளைகளில்தான் வேலை தடைப்பட்டது. மெஷினால் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. எங்கள் கலை இயக்குநர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, சட்டைக்குப் பொத்தான் துளை போட்டதுபோல இருக்கிறது என்று சலித்துக்கொண்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

“குண்டு இப்படிப் படாது,” என்றேன். “சுற்றிவரப் பூச்சு உடைந்து தட்டுப்போல விழும். உள்ளே கல் தெரியும். ஓரிடத்தில் கூடிக் கிடக்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இராது.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

போனை எடுத்துக் காட்டினேன். ஊரில், பனிச்சங்கேணியில், என் அக்காவின் வீடு. அக்காவின் மகள், என் மருமகள், பெரியவளான சாமத்தியச் சடங்கன்று எடுத்த படம். ஓரத்தில் அவள் பட்டுச்சேலையுடன் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் யன்னலும் சுவரும்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான், அக்காவின் கணவர், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர். சண்டை கிட்ட வந்த காலத்தில் ஒரு பின்னேரம், வெடிச்சத்தம் கேட்டு, கைக்குழந்தையான மருமகள் படுத்திருந்த அறையின் யன்னலைச் சாத்த ஓடினார். சாத்தி முடிக்கவில்லை. சுட்டது எந்தப் பக்கம் என்று அக்கா யாரிடமும் கேட்டதில்லை. பிறகு வீட்டுத் திட்டக் காசு கிடைத்தபோது கூரையை மாற்றினாள், மற்ற மூன்று சுவர்களையும் பூசினாள். அந்த ஒன்றை மட்டும் மேசனைத் தொட விடவில்லை. ஏனென்று நாங்களும் கேட்கவில்லை. காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு வருபவள் அந்த யன்னலடியில் சற்று நிற்பாள். பிறகு தொடர்ந்து கூட்டுவாள். அவ்வளவுதான்.

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கலை இயக்குநரிடம் சொல்லவில்லை. ஊரில் ஒரு பழைய வீடு என்றேன்.

“இதுதான் வேண்டும்,” என்றார். “இந்தப் பெண்பிள்ளை இல்லாமல் அனுப்ப முடியுமா?”

மருமகளை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

படக் கம்பனி உடனே ஒப்புதல் கொடுத்தது. படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி முன்னால் தொங்கவிட்டார்கள். செதுக்கியது நான்தான், வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. யன்னலுக்குக் கீழே ஏழு துளைகள் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை மூன்று தடவை இடித்துத் திரும்பச் செய்தேன். சரியாக வந்தபோது கலை இயக்குநர் என் தோளில் தட்டினார். அடுத்த மாதம் என்னைக் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள்.

திறந்த முதல் வாரம் நானும் வரிசையோடு நின்று பார்த்தேன். தடுப்புக் கம்பி போட்டிருந்தும் ஆட்கள் எட்டி, துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனைவியை யன்னலடியில் நிறுத்திப் படமெடுத்தார். அசலாகவே இருக்கிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழிந்தன. மருமகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கத் தொடங்கியிருந்தாள். யாரோ அந்த வரிசையில் நின்று எடுத்த வீடியோ அவளுடைய போனுக்கு வந்திருக்கிறது. பார்த்தவள் தாயிடம் காட்டியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை பகல் அக்கா போன் எடுத்தாள்.

“தம்பி, ஒரு வீடியோ பாத்தன். அது நம்மட செவருதானே?”

“ஓம் அக்கா.”

“நீயா செஞ்ச?”

“ஓம்.”

போனில் கோழி கொக்கரிப்பது கேட்டது.

“கீழ கிடக்கிற ஏழு ஓட்டையையும் அப்படியே வெச்சிரிக்காய்,” என்றாள். “ஆக்கள் வெரல உட்டுப் பாக்காங்க.”

“நான் இப்படி வரும் எண்டு நினைக்கல்ல அக்கா.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாம்தானே.”

ஏசியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் ஏசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் கலை இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். சுவரை மாற்ற அனுமதி கேட்டு அவர் எழுதினார். படக் கம்பனியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஒப்புதல் பெற்ற வடிவத்தை மாற்ற முடியாது. தவிர, நான்காம் பாகத்துக்கான செட்டிலும் அதே சுவரைக் கட்டியாகிவிட்டது.

எனக்கு இன்னொரு வழி இருந்தது. பார்க் திறப்பதற்கு முன் ஒவ்வொரு காலையும் பராமரிப்பு வேலைக்கென்று இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். வாசல் கதவின் சாவியும் சீமெந்தும் என் கையில். ஒரு காலை, ஏழு துளைகளுக்கு அளவாகக் குழைத்துக்கொண்டு அந்த யன்னலடிக்குப் போனேன். வேலை போகும், விசா போகும், இந்த வயதில் ஊரில் என்ன செய்வது என்றெல்லாம் மனம் ஓடியது. வாளியில் சீமெந்து இறுகும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். படத்தை அனுப்பியதைவிட அந்தக் காலைதான் என்னை அதிகம் அறுக்கிறது. படத்தை யோசிக்காமல் அனுப்பினேன். இதை நன்றாக யோசித்துத்தான் விட்டேன்.

நான்காம் பாகம் ஓடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அந்தப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூன் படமொன்றுக்கு மாற்றினார்கள். மிட்டாய் நகரம். பழைய சுவர்களை எங்கள் குழுவே பூசி மூடி ரோஸ் நிறம் அடித்தது. அந்த ஏழு துளைகளையும் நானே அடைத்தேன். அடைத்த கையோடு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அத மூடிட்டம் அக்கா. இனி இல்ல.”

“ம்,” என்றாள். “இஞ்சயும் மேசனப் புடிச்சுப் பூசிட்டன் தம்பி. வீடியோ பாத்த மறுகா என்னால அதப் பாக்க ஏலாமப் போச்சு. அவர நினைச்சா அந்த ஆக்கள்ர வெரல்தான் முன்னுக்கு வருது.”

அத்தானுடைய படம் ஒன்றுகூட அந்த வீட்டில் மிஞ்சியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

போன வருடம் வேலையை விட்டுத் திரும்பி வந்தேன். சுவர் வெளிர் மஞ்சளாக இருந்தது. பூச்சு அவசர வேலை, சாய்ந்த வெயிலில் மேடு பள்ளம் தெரிந்தது. மருமகள் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, பக்கத்தில் நின்றாள்.

“மாமா, நான் நிண்ட படம்தானே அது. என்ன ஏன் வெட்டினீங்க?”

கேட்டார்கள், வெட்டினேன் என்றேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் வாய்வரை வந்தது. “முதல்ல சாப்பிடு,” என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் செங்கலடிச் சந்தைக்குப் போகும் பஸ்ஸில் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். வாவியில் தண்ணீர் வற்றி, கரையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பாதி வழியில் அவளாகவே பேச்செடுத்தாள்.

“அந்தப் பார்க் வண்டியில ஏறிப் போனா கடைசில என்ன நடக்கும்?”

“எல்லாரும் தப்பிருவாங்க அக்கா.”

“ஆரு ஏறினாலும்?”

“ஓம். ஆரு ஏறினாலும்.”

அவள் தலையை அசைத்தாள். கொண்டக்டர் வந்தபோது இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள்.