மூக்கு வழியாகக் கொடுக்கிற பணம்

என் அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக இருந்தார். சில வருஷங்களுக்கு ஒருமுறை அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூருக்கு வருவார். வந்தால் வீடு நிறைந்துவிடும். நாமக்கல்லிலிருந்து வாடகைக் கார் வரும். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் எல்லோருக்கும் துணி எடுப்பார். பணத்தைத் தண்ணியாகச் செலவழிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதைக் குற்றமாகச் சொன்னவர்கள் குறைவு.

நான் அப்போது நாமக்கல்லில் இங்கிலீஷ் வாத்தியார். என்னுடையது புத்தகத்தில் படித்த இங்கிலீஷ். அண்ணனுடையது ஆலைத் துரையிடம் காதால் கேட்டுப் பழகியது. பணத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பேசும் பேச்சையெல்லாம் எனக்காகச் சேர்த்து வைத்திருப்பார். கையில் காசு தங்காதவனைப் பார்த்தால், காசு அவன் சட்டைப் பையைச் சுட்டு ஓட்டை போடுகிறது என்பார்களாம். ‘ஸ்பெண்டிங் மனி லைக் வாட்டர்’ என்றபோது, இது நம் ஊர்ப் பேச்சேதானே என்று நான் வியந்தேன்.

அண்ணிக்குப் பிடித்தது வேறொன்று. அநியாய விலை கொடுத்து வாங்குவதை ‘பேயிங் த்ரூ த நோஸ்’, அதாவது மூக்கு வழியாகப் பணம் கொடுப்பது என்பார்கள் என்று அண்ணன் சொன்னதும், அவர் தன் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு கீரைக்காரி விலையை ஏற்றிச் சொன்னால்கூட இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூக்கைத் தொட்டுக்கொள்வார்கள்.

யுத்தத்தில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. மாதக்கணக்கில் தகவல் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“அவ வரல சாமி” என்றார்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அவர் பேரம் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். சந்தையில் யார் என்ன கேட்டாலும் மறு பேச்சில்லாமல் கொடுத்தார். வண்டிக்காரர்களும் காய்காரர்களும் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டு இரண்டு பங்கு, மூன்று பங்கு கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் வாழைத்தார் விற்றவன் வாய் கூசாமல் ஒரு விலை சொன்னான். அண்ணன் பணத்தை எடுத்து நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துப் போனேன்.

“ஏனுங்கண்ணா, ஒரு வார்த்த கொறச்சுக் கேட்டாத்தான் என்னங்க?” என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். காவிரியைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

மலை தாண்டிக் கடற்கரைக்குப் போகும் வழியில் ஆயிரக்கணக்கான சனங்களோடு நடந்திருக்கிறார்கள். வழியில் தண்ணீர் இல்லை. மலையில் இருந்தவர்கள் மூங்கில் குழாயில் தண்ணீர் கொண்டுவந்து விற்றார்கள். போகப் போக விலை ஏறியது. அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று ஒருவன் ஒரு குழாய்க்குப் பத்து ரூபாய் கேட்டான். அண்ணனின் இடுப்பில் நோட்டுக் கட்டு இருந்தது. ஆனாலும் ஆலையில் பழகிய வாய் பாதி விலைக்குக் கேட்டுவிட்டது. அவன் இறங்கி வரவில்லை. கீழே பள்ளத்தில் ஓடை இருக்கிறது என்று கூட நடந்த யாரோ சொன்னார்கள். அதை நம்பிக் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மூக்கு வழியா கேக்கறான் பாருன்னேன். அவளும் மூக்கத் தொட்டா. சிரிச்சா சாமி. ஓடைக்குப் போனா வெறுங்கல்லு கெடக்குது. அவளக் கெடத்திட்டுத் திரும்பி ஓடுனேன். அவன் போயிட்டான்.”

இடுப்பைத் தொட்டுக் காட்டி, “இடுப்புல பணம் அப்படியே இருந்துச்சு” என்றார்.

நான் அவர் செலவைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அந்த வருஷம் பாடத்தில் அதே தொடர் வந்தது. பொருளைச் சொன்னதும் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அடுத்த கோடையில் அண்ணன் நாமக்கல் சாலையோரம் ஓலைப் பந்தல் போட்டுப் பெரிய பெரிய பானைகளில் தண்ணீர் நிரப்பினார். ஆள் வைக்கச் சொன்னோம். கேட்கவில்லை. தானே மொண்டு கொடுத்தார். மகள் சொம்புகளைக் கழுவி வைப்பாள். குடித்துவிட்டு ஒரு லாரிக்காரர் காசு வைத்துப் போனபோது, அண்ணன் லாரியின் பின்னாலேயே ஓடி அதைத் திருப்பிக் கொடுத்தார். பெண்கள் யாராவது வந்தால் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார். குடித்து முடித்தபின் இன்னொரு சொம்பு நீட்டுவார். வேண்டாம் என்றாலும் கையை இறக்கமாட்டார். சிலர் பயந்து வாங்கிக் குடித்தார்கள்.

கோடை போய் மழை பிடித்தது. மற்ற தண்ணீர்ப் பந்தல்களையெல்லாம் பிரித்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் நல்ல மழையில் நான் குடையோடு அவரைத் தேடிப் போனேன். ஓலை ஒழுகிக்கொண்டிருந்தது. பானைகள் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. அவர் சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஊட்டுக்குப் போலாமுங்கண்ணா. இந்த மழையில ஆரு தண்ணி கேக்கப் போறாங்க?” என்றேன்.

“இரு சாமி. ஆரோ வாராங்க.”

சாலையைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை மழைதான். யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் சொம்பில் தண்ணீரை மொண்டு, ஒருவர் நின்று வாங்கும் உயரத்துக்கு நீட்டினார். நான் குடையை மடக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.