ஸ்டெல்லாவைப் பற்றி நாம் பேசிய பேச்சு

ஸ்டெல்லா இறந்த செய்தி சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. சொன்னவர் தஞ்சோங் பகார் கப்பல் சரக்கு அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த லெட்சுமி. "மாரடைப்பாம்" என்றவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய வியாதியா இருக்குமோ லா?" என்றார்.

அந்த அலுவலகத்தில் இருந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தட்டெழுத்தாளரான ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தால் உதட்டோரத்தில் கொப்புளம் எழும்பும். ஒருமுறை இரண்டு நாள் விடுப்பு முடிந்து மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தாள். விடுப்புக் கோப்புகள் என் பொறுப்பு. மருத்துவர் 'ஹெர்ப்பிஸ்' என்று எழுதியிருந்தார். உதட்டில் வரும் புண்ணுக்கும் அந்தரங்க இடத்தில் வரும் புண்ணுக்கும் அதே பெயர்தான். அந்தச் சமயத்தில்தான் ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ஒழுக்கங்கெட்டவர்களின் நோயாக்கிப் பயமுறுத்திக்கொண்டிருந்தன. நான் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். மாலைத் தேநீருக்குள் ஸ்டெல்லாவின் கோப்பை கழிப்பறை வாசலுக்குப் போயிருந்தது.

மறுநாள் அவள் எழுந்து நின்று பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. இது எனக்குச் சின்ன வயசுலேருந்து இருக்கு. யாரோ கொஞ்சினப்ப வந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. ரொம்பப் பேருக்கு இருக்காம், அவங்களுக்கே தெரியாதாம். புண்ணு இருக்கிறப்ப நான் பிள்ளைங்களுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன். மத்தபடி, என் மேசையைத் தொட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது. ஏன், வேற எடத்துல வந்திருந்தாலும் அது வியாதிதான், குத்தம் இல்ல."

ஒருவர் தொலைபேசியைக் கைக்குட்டையால் துடைத்தார். நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் குவீன்ஸ்டவுனிலிருந்து பேருந்து பிடித்து என்னைப் பார்க்க வந்தார். "கோயில்ல என்னென்னமோ பேசுறாங்க. அந்தப் பொண்ணுக்கு என்னம்மா வியாதி? நீங்கதானே சான்றிதழ் எல்லாம் பாக்குறவங்க."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

வெறும் உதட்டுப் புண் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முதலில் பேச்சைக் கிளப்பியது யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தேன். அந்த மாதமே கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அவள் யாரையும் மணக்கவில்லை. வேலையையும் விடவில்லை, தினமும் நம் நடுவே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

சில ஆண்டுகள் கழித்து என் உதட்டிலும் கொப்புளம் வந்தது. மருத்துவர் அதே பெயரைச் சொன்னார். நான் சான்றிதழே வாங்கவில்லை, சொந்த விடுப்பு எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் ஸ்டெல்லாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாயைத் திறந்தது நான்தான் என்பதையும், மாப்பிள்ளையின் தாயிடம் சொன்ன பொய்யையும்.

அவள் எழுந்து போனாள். பிறகு துணியில் ஐஸ் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். "உதட்டுல வை. கிள்ளாத. இங்க யாருகிட்டயும் சொல்லிடாத லா, உன்னால தாங்க முடியாது."

"என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். தட்டச்சுப் பொறியில் புதிய தாளைச் செருகினாள்.

இறுதிச் சடங்கில் பலரும் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். என்னிடம் இருப்பது அந்த 'இல்ல' ஒன்றுதான். எனக்குச் சேரவேண்டியதைத்தான் அவள் கொடுத்தாள்.