உள்ளே மடித்த நீலம்

வெட்டி விழுந்த இரண்டு துண்டுகளையும் தையற்கடைத் தரையிலிருந்து நானே குனிந்து பொறுக்கிக்கொண்டேன். துபாய்க்குப் போகிற மகனின் ஜீன்ஸ் கால் நீளம். நான் கடைக்குள் நுழைவதற்குள் டெய்லர் வெட்டிவிட்டார். "ஏன் தம்பி வெட்டுனீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் மிஷின் நின்றது. மகனுக்கு வெட்கம். "நாலு இஞ்சுத் துணிக்கா இப்புடிம்மா?" என்றான். அவன் விமானம் ஏறி ஒன்பது நாளாகிறது. இன்னும் கடிதம் வரவில்லை. வாழைப்பழத் தோலைப் பார்த்தாலே மனத்துக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடுகிறவள் நான். வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் இது வேறு.

துண்டை முகர்ந்தால் இஸ்திரிச் சூடு பட்ட நீலச் சாயத்தின் வாசனை. அதை நான் முதலில் அறிந்தது எங்கள் ஊர் இலுப்பூரில், ஜப்பான் சண்டைக் காலத்தில். அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டினார். கடைசியாக வந்தபோது ஒரு நீலக் கால்சட்டையை டிரங்குப் பெட்டியில் விட்டுப் போனார். கீழே வைத்தால் தானாக நிற்குமோ என்னும்படி தடித்த துணி. ஜப்பான்காரன் அங்கே இறங்கியதும் கடிதம் நின்றது. இங்கே துணிக்குப் பஞ்சம். பள்ளிக்கூடம் போட்டுப்போக அண்ணனுக்கு ஒட்டுப்போடாத உடுப்பு ஒன்றுகூட இல்லை. ஆத்தா பெட்டியைத் திறந்தாள்.

"வெட்டிச் சுருக்கிரலாம் தங்கச்சி. மிச்சத்துல பாப்பாவுக்கு ஒரு பை தச்சுத் தாரேன்," என்றார் தையற்கடை ராவுத்தர். பாப்பா நான்தான், எனக்கு வாயெல்லாம் பல்.

"கத்தரி படக் கூடாதுண்ணே. அவுக வந்து கேட்டா நான் எதக் குடுக்குறது?"

"அம்புட்டையும் உள்ள மடிச்சா பய எப்புடி நடப்பான்?"

"நடக்கட்டும்."

ராவுத்தர் கத்தரியை எடுத்து மேசைக்குள் போட்டார். ஒவ்வொரு காலிலும் மூன்று மடிப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. "கால்ல தலகாணியக் கட்டிவிட்டாப்புல இருக்கு ஆத்தா," என்று அண்ணன் அழாத குறை. நான் அவனைப்போலவே காலை அகட்டி நடந்து காட்டி அடி வாங்கினேன்.

அவன் வளர வளர, ராவுத்தர் ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்தார். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் அப்பா விட்டுப்போன அன்றைய கருநீலம், வளையமாக. துவைக்கும்போது ஆத்தா அந்த வளையத்தை மட்டும் தேய்க்க மாட்டாள்.

சண்டை முடிந்து கப்பலில் வந்தவர்களையெல்லாம் ஆத்தா தேடிப்போய் விசாரித்தாள், வல்லத்திராக்கோட்டை வரைக்கும். யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அண்ணனுக்கு மறுபடியும் கணுக்கால் தெரிந்தது. கடைசி மடிப்புக்கு ஆத்தா கடைக்கு வரவில்லை. எங்களை மட்டும் அனுப்பினாள். ராவுத்தர் பிரித்து, இஸ்திரி போட்டு, அண்ணனை நிற்கவைத்து ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கப்பா ஒசரம் வந்துட்டடா." பிரித்த நூலைத் தட்டிவிட்டு, "ஆத்தா கேட்டா இன்னும் ஒரு மடிப்பு கெடக்குன்னு சொல்லு," என்றார்.

ஆத்தா கேட்டாள். சொன்னோம். தலையை ஆட்டிக்கொண்டாள். ஒருநாளும் கால்சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்பா வரவில்லை. அந்தக் கால்சட்டை என்ன ஆனது என்று அண்ணனுக்கே நினைவில்லை. ஆத்தா போய்விட்டாள், ராவுத்தர் கடை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். கையில் இரண்டு துண்டுகளோடு நான் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு மடிப்பு கிடக்கிறது என்று எனக்குச் சொல்ல இப்போது யாரும் இல்லை.